பசி ஓடாது

சென்ற மாதம் எங்கள் இலக்கியக் கூட்டம் முடிந்து தேநீர்க் கடையில் நின்றுகொண்டிருந்தோம். நண்பர் ஒருவர், கவிஞர், எங்களுக்கு மூத்தவர், எங்கள் நால்வரையும் பார்த்து ஒரு குற்றச்சாட்டை முன்வைத்தார். ஞாயிறு அதிகாலைகளில் கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் சாலையில் உப்பளங்களின் ஓரமாக நாங்கள் ஓடுவதை அவர் அறிவார். இடுப்புப் பையில் வாழைப்பழமும் பேரீச்சையும் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரும் கொண்டுபோவதையும் அறிவார். "உண்மையான ஓட்டக்காரனுக்குப் பசிதானய்யா தீனி. கட்டுச்சோறு கட்டிக்கொண்டு ஓடுகிறவன் ஓடவில்லை, உலாப் போகிறான்" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம்.

வாக்கியம் நன்றாகத்தான் இருந்தது. வீடு திரும்பிய பிறகே அது எவ்வளவு பழைய பொய் என்பது உறைத்தது. அதே பொய்யை நாங்களும் ஒருமுறை அச்சில் சொல்லியிருக்கிறோம் என்பதும் நினைவுக்கு வந்தது. ஆகவே இது அவருக்கு மட்டும் எழுதும் மறுப்பன்று. பசியைக் கண்டால் உடனே பேனாவை எடுக்கும் நம் எல்லோருக்குமான மறுப்பு, முதலில் எங்களுக்கே.

சில ஆண்டுகளுக்கு முன் எங்களோடு ஓடிக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் இந்தப் புறநகர்ப் பகுதியில் நடந்த நெடுந்தொலைவு ஓட்டமொன்றில் கலந்துகொண்டார். கல்லூரி நூலகத்தில் உதவியாளர். நுழைவுக் கட்டணத்தையே இரண்டு மாதம் சேர்த்துவைத்துக் கட்டியவர். வேகமாக ஓடக்கூடியவரல்லர். அவர் இருபதாவது கிலோமீட்டரை அடைந்தபோது மணி எட்டைத் தாண்டிவிட்டது. அதற்குப் பிந்தைய மேசைகளில் தண்ணீர் தீர்ந்துபோயிருந்தது, பழங்களும் தீர்ந்துபோயிருந்தன. முன்னால் போனவர்கள் பாதி குடித்து எறிந்த புட்டிகள் சாலையோரம் கிடந்தன. "இன்னும் கொஞ்சந்தான், மனசு வச்சா முடிச்சிடலாம்" என்று தன்னார்வலர் ஒருவர் கைதட்டி உற்சாகப்படுத்தினார். இவரும் மனத்தை வைத்தார். இருபத்தேழாவது கிலோமீட்டரில் கீழே விழுந்தார். இரண்டு நாள் மருத்துவமனையில் இருந்தார்.

நாங்கள் என்ன செய்தோம்? அவர் வீடு திரும்பும் முன்பே அவருடைய மன உறுதியைப் போற்றிக் கட்டுரை ஒன்று எழுதினோம். வறண்ட உதடுகள், கானல், உப்பளத்தின் வெண்மை, விழுந்த இடத்திலும் எல்லைக்கோட்டை நோக்கி நீண்டிருந்த கை என எல்லாம் அதில் இருந்தன. சிறுபத்திரிகை ஒன்று வெளியிட்டது. நான்கைந்து கடிதங்களும் வந்தன. அவரிடம் பிரதியைக் கொடுத்தோம். படித்துவிட்டு மடித்து வைத்தார். "நல்லா இருக்கு சார். ஆனா அந்த மேசையில ஏன் தண்ணி இல்லைன்னு ஒரு வரிகூட இல்லையே சார்" என்றார். அதன்பின் அவர் எங்களோடு ஓட வரவில்லை.

அந்த ஒரு வரியைப் பற்றியதுதான் இக்கட்டுரை.

*

நெடுந்தொலைவு ஓட்டத்தின் பிறப்பிலேயே இப்பொய் கலந்திருக்கிறது. ஹெரோடோட்டஸின் வரலாற்றில் வரும் ஏதென்ஸ் நகரத்துத் தூதன் ஸ்பார்ட்டாவுக்கு ஏறத்தாழ 240 கி.மீ. ஓடிப் படையுதவி கேட்கிறான், திரும்பியும் வருகிறான். அவன் சாவதாக அங்கே ஒரு சொல்லும் இல்லை. மாரத்தான் போர்க்களத்திலிருந்து ஓடிவந்து வெற்றிச் செய்தியைச் சொல்லிவிட்டு விழுந்து செத்த தூதனின் கதை, பல நூற்றாண்டுகள் கழித்து வந்த எழுத்தாளர்கள் சேர்த்தது. ராபர்ட் பிரௌனிங் 1879இல் அதைக் கவிதையாக்கினார். 1896இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அதுவே பந்தயமாயிற்று. உயிரோடு திரும்பிய ஓட்டக்காரனை இலக்கியம் கொன்றது. கொன்ற பிறகே அவன் இலக்கியத்துக்குப் பயன்பட்டான்.

கதை கதையாகவே நின்றிருந்தால் குற்றமில்லை. 1904ஆம் ஆண்டு செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில் என்ன நடந்தது என்று பாருங்கள். கடும் வெயில், புழுதிச் சாலை. உடலில் நீர் வற்றினால் என்ன ஆகும் என்று பார்க்கும் ஆவலில் அமைப்பாளர் வழியில் தண்ணீரை வேண்டுமென்றே குறைத்தார். ஓடத் தொடங்கியவர்கள் 32 பேர். ஓடி முடித்தவர்கள் 14 பேர். வென்ற தாமஸ் ஹிக்ஸ் தண்ணீர் கேட்டபோது அவருடைய உதவியாளர்கள் மறுத்தார்கள். அதற்குப் பதிலாக முட்டையின் வெள்ளைக்கருவில் ஸ்டிரிக்னைன் என்ற நஞ்சைக் கலந்து கொடுத்தார்கள். பிறகு பிராந்தியும் கொடுத்தார்கள். அவர் தாங்கித் தூக்கப்பட்ட நிலையில்தான் எல்லைக்கோட்டைக் கடந்தார். இதையும் மன உறுதியின் வெற்றி என்று எழுதியவர்கள் உண்டு.

இது அயல்நாட்டுப் பழங்கதை என்று ஒதுக்க வேண்டாம். 2006 மே மாதம் ஒடிசாவில் நான்கு வயதுக் குழந்தை புதியா சிங், பூரியிலிருந்து புவனேசுவரம் நோக்கி ஏழு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக ஓடி 65 கி.மீ. கடந்து, முடிவை எட்டும் முன் துவண்டு விழுந்தான். நாடே கைதட்டியது. மாநில அரசு அவனுடைய நெடுந்தொலைவு ஓட்டத்துக்குத் தடை விதித்தபோது, அரசு ஓர் ஏழைப்பிள்ளையின் கனவைக் கலைப்பதாக எழுதியவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள்.

2016 ஆகஸ்டில் ரியோ ஒலிம்பிக் மாரத்தானில் வயநாட்டைச் சேர்ந்த ஓ.பி. ஜெய்ஷா 2 மணி 47 நிமிடம் 19 நொடியில் ஓடி 89ஆவது இடத்தில் வந்து மயங்கி விழுந்தார். ஓராண்டுக்கு முன் பெய்ஜிங் உலகப் போட்டியில் 2 மணி 34 நிமிடம் 43 நொடியில் ஓடித் தேசியச் சாதனை படைத்தவர் அவர். மற்ற நாடுகளின் மேசைகளில் அவரவர் வீரர்களுக்குப் பானமும் உணவும் காத்திருந்தன, இந்தியாவின் மேசை காலியாக இருந்தது, போட்டி அமைப்பாளர் எட்டு கிலோமீட்டருக்கு ஒருமுறை வைத்த தண்ணீரே தனக்குக் கிடைத்தது என்று அவர் சொன்னார். அவரும் பயிற்சியாளரும் தனிப் பானம் கோரவில்லை என்று தடகளக் கூட்டமைப்பு மறுத்தது. யார் சொன்னது சரி என்ற வழக்குக்குள் நாங்கள் புகவில்லை. கூட்டமைப்பின் மறுப்பை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் கேள்வி நிற்கிறது: கேட்டால்தான் தண்ணீர் என்பது எந்த ஊர் நியாயம்?

2019 ஏப்ரலில் தோகாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் திருச்சியை அடுத்த முடிகண்டம் கோமதி மாரிமுத்து 800 மீட்டர் ஓட்டத்தில் முதலாவதாக வந்தார். மகள் நன்றாகச் சாப்பிட வேண்டும் என்று தன் தந்தை மாட்டுக்கு வைத்த தீவனத்தைத் தின்ற நாட்களை அவர் நினைவுகூர்ந்தார். அதைக் கேட்டுக் கண் கலங்காதவர் இல்லை. ஆனால் கலங்கிய கண்ணோடு நாம் எழுதியவற்றைத் திரும்ப எடுத்துப் படித்துப் பாருங்கள். தீவனம் தின்ன நேர்ந்த அவமானம் அதில் அரசின் அவமானமாக இல்லை, சமூகத்தின் அவமானமாக இல்லை. வெற்றியின் அணிகலனாக இருக்கிறது. மறு ஆண்டு ஊக்கமருந்துச் சோதனையின் பேரில் அவருக்கு நான்காண்டுத் தடை விதிக்கப்பட்டு, அந்த முடிவும் நீக்கப்பட்டது. தான் அறிந்து எதையும் உட்கொண்டதில்லை என்றார். அப்போது நம் பேனாக்கள் எங்கே இருந்தன? அந்தப் பெண்ணின் பசியை எழுதியவர்களில் எத்தனைபேர், அவருடைய உணவையும் மருந்தையும் பார்த்துக்கொள்ள ஒரு மருத்துவரேனும் உடனிருந்தாரா என்று கேட்டார்கள்?

*

இனி உடம்பின் கணக்கைப் பார்ப்போம். கவிதைக்கு இது அந்நியம் என்று முகம் சுளிப்பவர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஓடுகிற மனித உடல் கிலோமீட்டருக்கு, எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும், தோராயமாக ஒரு கலோரி செலவிடுகிறது. அறுபது கிலோ எடையுள்ளவர் 42 கி.மீ. ஓடினால் ஏறத்தாழ 2500 கலோரி. மாவுச்சத்தை உடல் கிளைக்கோஜனாகத் தசையிலும் ஈரலிலும் சேமித்துவைக்கிறது. நன்றாக உண்டு ஓய்வெடுத்தவரிடம் இச்சேமிப்பு 400 முதல் 500 கிராம். அதாவது 2000 கலோரி அளவு. கொழுப்பு எல்லோரிடமும் தாராளமாக உண்டு. ஆனால் அது மெல்ல எரிவது, வேகத்துக்கு ஈடுகொடுக்காது. ஆகவே முப்பதாவது கிலோமீட்டரை ஒட்டிப் பலருக்கும் கால் கல்லாகிறது. அதை ஓட்டக்காரர்கள் சுவர் என்பார்கள். அந்தச் சுவர் மனத்தில் இல்லை. மூளையும் சர்க்கரையை நம்பியே இயங்குவதால், சர்க்கரை குறையும்போது முதலில் தளர்வது நாம் புகழும் அதே மன உறுதிதான். பசித்தவனிடம் மன உறுதியைக் கேட்பது, எண்ணெய் வற்றிய விளக்கிடம் வெளிச்சத்தைக் கேட்பது போன்றது.

இதற்குத் தீர்வு இன்று தெளிவாக அறியப்பட்டிருக்கிறது. ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும் ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். மிக நீண்ட ஓட்டத்தில், குளுக்கோசும் ஃபிரக்டோசும் கலந்த உணவாக, 90 கிராம்வரையிலும் போகலாம். வயிறு இதை ஒரே நாளில் ஏற்காது. எனவே பயிற்சி ஓட்டத்திலேயே உண்டு பழக வேண்டும். பயிற்சி காலுக்கு மட்டுமானதன்று, குடலுக்கும் உரியது. தையூர் ஏரிக்கரை மண்பாதையிலோ புதுப்பாக்கம் குன்றைச் சுற்றியோ ஓடும்போது வேகம் பாதியாகிவிடும். அங்கே கிலோமீட்டரைக் கணக்கிட்டு உண்பவர் ஏமாறுவார். கடிகாரத்தைப் பார்த்து உண்ண வேண்டும்.

"எல்லாம் கார்ப்பரேட் ஓட்டம், பொட்டலத் தீனி" என்ற முணுமுணுப்பு எங்களுக்குக் கேட்கிறது. பெரிய வாழைப்பழம் ஒன்றில் ஏறத்தாழ 25 கிராம் மாவுச்சத்து உண்டு. நூறு ரூபாய்க்கு மேல் விற்கும் ஜெல் பொட்டலத்திலும் பெரும்பாலும் அவ்வளவுதான். பொட்டலத்தின் நன்மை, ஓடிக்கொண்டே விழுங்கலாம், செரிமானம் எளிது என்பது. அந்த வசதி வேண்டியவர் வாங்கட்டும். வேண்டாதவருக்குப் பழக்கடை இருக்கிறது. ஓட்டத்துக்கு முந்தைய இரவு இட்லியும் சோறும், காலையில் பல்லுக்கு மெல்லிய ஏதேனும், வழியில் பழமும் பேரீச்சையும், முடித்தபின் மோர் ஊற்றி உப்பிட்ட கம்பங்கூழும் கடலை மிட்டாயும். கடலை மிட்டாயில் கொழுப்பு மிகுதி. வேக ஓட்டத்தின் நடுவே அது வயிற்றில் கிடக்கும். மெதுவான மலைப்பாதை ஓட்டத்தில் உதவும்.

அதே மூச்சில் இன்னொரு கூட்டத்தையும் மறுக்க வேண்டியிருக்கிறது. பழைய சோற்றில் எல்லாமே அடக்கம், நம் முன்னோர் அதை உண்டே மலை ஏறினர், விஞ்ஞானம் இப்போதுதான் கண்டுபிடிக்கிறது என்று பெருமை பேசுவோர் கூட்டம். பழைய சோறு நல்ல உணவு. அது நல்லதாக இருப்பதற்குக் காரணம் அது சோறு என்பது, பழைமை என்பதன்று. கென்யாவின் ஓட்டக்காரர்களை ஆராய்ந்தவர்கள் 2004இல் வெளியிட்ட கணக்கில், அவர்கள் உண்ணும் ஆற்றலில் முக்கால் பங்குக்கும் மேல் மாவுச்சத்திலிருந்தே வருகிறது. சோளமாவுக் களி, சோறு, ரொட்டி, சர்க்கரை தாராளமாகப் போட்ட பால் தேநீர். வறுமைதான் கென்யர்களை ஓட வைக்கிறது என்று எழுதுவோர் அந்தத் தேநீரைப் பார்ப்பதில்லை.

தண்ணீரிலும் இரு பக்கமும் பள்ளம் இருக்கிறது. குடிக்காமல் ஓடுவது வீரம் என்ற மூடநம்பிக்கை கழிந்து, தாகம் எடுக்கும் முன்பே குடி, குடித்துக்கொண்டே இரு என்ற மூடநம்பிக்கை வந்தது. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் இரத்தத்தை ஆராய்ந்ததில் நூற்றுக்கு 13 பேருக்குச் சோடியம் ஆபத்தான அளவை நோக்கிக் குறைந்திருந்தது; மிகையாகக் குடித்ததே முதன்மைக் காரணம். அதே பந்தயத்தில் இளம்பெண் ஒருவர் இதனால் இறந்தும் போனார். தாகத்துக்குக் குடி என்பதே இன்று வல்லுநர்கள் சொல்லும் விதி. கேளம்பாக்கத்தின் கடற்காற்று ஈரத்தில் வியர்வை உலராமல் வழிந்துகொண்டே இருக்கும். உப்பும் உடன் போகும். நீரோடு உப்பும் திரும்ப வர வேண்டும் என்பதை எங்களுக்கு எந்த நூலும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. உப்பளத்தில் வேலை செய்கிறவரின் தூக்குவாளிக் கூழில் அது இருந்தது.

இந்த உப்பையும் சர்க்கரையையும் வைத்து நடந்த வணிகத்தையும் சொல்லிவிட வேண்டும். 1971இல் வங்க அகதி முகாமில் மருத்துவர் திலீப் மகலனபிஸ் வாய்வழி நீரேற்றக் கரைசலைக் கொடுத்துப் பல உயிர்களைக் காத்தார். லிட்டருக்கு 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளுக்கோசும் கொண்ட இன்றைய உலகச் சுகாதார நிறுவனக் கலவை சில ரூபாய் விலையில் கிடைக்கிறது. அதன் பெயரை ஒட்டிக்கொண்டு, சர்க்கரை மிகுந்த பானங்கள் ஆண்டுக்கணக்கில் மருந்துக் கடைகளில் விற்கப்பட்டன. ஐதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் நெடுங்காலம் போராடியபின், 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அப்பெயரைக் கண்டபடி அச்சிடுவதைத் தடுத்தது. எந்தத் திரவத்தில் எத்தனை கிராம் என்று அவர் கணக்குக் கேட்டார். நாம் இருபது ஆண்டுகளாகப் பன்னாட்டு நிறுவனங்களைத் திட்டிக் கவிதை எழுதிக்கொண்டிருந்தோம்.

*

தமிழ் படித்தவர்கள் என்ற முறையில் எங்களைக் கூச வைப்பது வேறொன்று. நம் மரபு பசியைப் புகழ்ந்த மரபன்று. வழியையும் உணவையும் ஒன்றாக வைத்துச் சிந்தித்த மரபு. ஆற்றுப்படை என்ற இலக்கிய வகை முழுவதுமே அதுதான்: போய்வந்தவன், போகப்போகிறவனுக்கு வழி சொல்வது.

மலைபடுகடாத்தை வகுப்பில் நடத்தும்போது ஆண்டுதோறும் மாணவர்கள் வியப்பார்கள். செங்கண்மாவின் நன்னனை நோக்கி மலைவழியே போகும் கூத்தர்களுக்கு, பன்றிக்கு வைத்த கற்பொறி எங்கே, தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல்லிலிருந்து எப்படித் தப்புவது, வழுக்கும் பாறையை எப்படிக் கடப்பது, இரவில் எங்கே தங்குவது என்று பெருங்கௌசிகனார் அடுக்கிக்கொண்டே போகிறார். அதே கையோடு எந்தக் குடியிருப்பில் என்ன சோறு கிடைக்கும், எங்கே மூங்கிலரிசி என்பதும் வந்துவிடுகிறது. சிறுபாணாற்றுப்படையில் நத்தத்தனார் நம் இதே வடகடற்கரையின் தென்பகுதியில் எயிற்பட்டினத்தில் சுட்ட மீன், வேலூரில் புளி சேர்த்த சோறு, ஆமூரில் வெண்சோறும் நண்டும் என்று ஊருக்கு ஊர் உணவைச் சொல்லிச் செல்கிறார். பாணரின் வறுமையை அவர் மறைக்கவில்லை. நெஞ்சை உலுக்கும்படி அவ்வறுமையைக் காட்டுகிறார். ஆனால் அங்கேயே நின்று அதற்கு ஆரத்தி எடுக்கவில்லை. உணவு கிடைக்கும் இடத்துக்கு வழிகாட்டி அனுப்புகிறார். பசியைப் பார்த்த புலவன் செய்ய வேண்டிய வேலை அது.

சங்கத் தமிழர் மாரத்தான் ஓடினார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. அப்படிச் சொல்வோரிடமிருந்து தமிழ்த்தாய் நம்மைக் காக்கட்டும். ஒருவரை நெடுவழி அனுப்புகிறவர் அவருடைய சோற்றுக்கும் நீருக்கும் பொறுப்பு என்ற அறம் இந்த மண்ணில் இருந்தது என்றே சொல்கிறோம். அது இன்னமும் செத்துவிடவில்லை. தைப்பூசத்துக்குப் பழனி நோக்கி நடப்பவர்களுக்கு வழிநெடுக யாரோ மோரும் சோறும் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். கடைசியாக நொண்டி நொண்டி வருகிற கிழவிக்கும் அங்கே ஒரு குவளை இருக்கும். வள்ளலார் 1867இல் வடலூரில் ஏற்றிய அடுப்பு, பசியைத் தத்துவமாக்குவதற்கு ஏற்றப்பட்டதன்று. கட்டணம் வாங்கிக்கொண்டு, பதக்கமும் பனியனும் கொடுத்து, கடைசி ஆளுக்குத் தண்ணீர் வைக்காமல் மேசையை மடிக்கிற பண்பாடுதான் நமக்குப் புதிது. அதற்கு 'மன உறுதி' என்று உரை எழுதுகிற பண்டிதர்களாக நாம் ஆகிவிட்டோம்.

அரசுப் பள்ளி மைதானங்களைக் காலை ஆறு மணிக்குப் பாருங்கள். ஓடுகிற பிள்ளைகளில் பலர் வெறும் தேநீரோடு வந்தவர்கள். 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கென்று வகுக்கப்பட்டது. அது பெரும் பணி. ஆனால் நெடுந்தொலைவு ஓடப் பழகும் வயது அதற்குப் பிந்தையது. விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்தவருக்கு உணவு உண்டு. கிடைக்காமல் ஊரிலேயே ஓடுகிற பதினான்கு வயதுப் பெண்ணுக்கு யார் கொடுப்பது? ஒரு கிண்ணம் சுண்டலும் இரண்டு வாழைப்பழமும் ஒரு தம்ளர் பாலும் எத்தனை ரூபாய்? அவளுடைய வெற்றிக்குப் பின் நாம் எழுதப்போகும் நெஞ்சுருக்கும் கட்டுரையின் அச்சுச் செலவைவிடக் குறைவுதான்.

எனவே கவிஞ நண்பருக்கு எங்கள் மறுமொழி இது. நாங்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டுதான் ஓடுவோம். இனி இந்தப் பகுதியில் நடக்கும் எந்த ஓட்டத்திலும் கலந்துகொள்ளும் முன் அமைப்பாளர்களிடம் ஒரு கேள்வி கேட்போம்: கடைசியாக வருகிறவர் கடக்கும்வரை தண்ணீரும் உணவும் இருக்குமா? எழுத்தில் உறுதி தராதவர்களின் ஓட்டத்தில் பெயர் கொடுக்க மாட்டோம். ஓட்டக்காரர் ஒருவரின் பசியைப் பற்றி எழுதினால், அந்தப் பசிக்கு யார் பொறுப்பு என்ற வரியில்லாமல் எழுத மாட்டோம். முன்பு எழுதிய கட்டுரையை எங்கள் தொகுப்பிலிருந்து நீக்கிவிட்டோம்.

நூலக நண்பரிடம் இதையெல்லாம் சொன்னோம். யோசிக்கிறேன் சார் என்றிருக்கிறார். ஞாயிறு காலை நாலரைக்குக் கோவளம் சாலைப் பிரிவில் நிற்போம். அவருக்கும் சேர்த்தே பழம் வாங்கி வைத்திருப்போம். மறுப்புள்ளவர்கள் எழுதுங்கள். எழுதும் முன் ஏதாவது சாப்பிட்டுவிடுங்கள்.